அழுக்கின் இயற்பியல்: ஒரு செறிபொருள் ஆய்வகத்துக்குள் என்ன நடக்கிறது

குவாண்டம் இயற்பியலின் முன்னோடிகளில் ஒருவரான வொல்ஃப்கங் பவுலிக்குத் திடப்பொருள் இயற்பியல் அவ்வளவாகப் பிடிக்காது. 1931இல் தன் உதவியாளர் ருடால்ஃப் பையர்ல்ஸுக்கு எழுதிய கடிதத்தில், குறைகடத்திகள் (மின்சாரத்தை உலோகம்போல் நன்றாகக் கடத்தாத, முழுதாகத் தடுக்கவும் செய்யாத பொருள்கள்) பக்கமே போக வேண்டாம், அது ஒரே குப்பை, அப்படி ஒன்று நிஜமாகவே இருக்கிறதா என்பதே சந்தேகம் என்கிற தொனியில் எழுதியிருந்தார். உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை விளக்க முதலில் தேவைப்பட்டதே, இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே குவாண்டம் நிலையில் இருக்க முடியாது என்ற பவுலியின் தவிர்ப்புத் தத்துவம்தான் என்பது இதில் உள்ள வேடிக்கை. ஆனாலும் அவர் எரிச்சலில் நியாயம் இருந்தது. அன்றைய குறைகடத்திகள் ஆளுக்கொரு விடை தந்தன. உள்ளே எந்த அழுக்கு, எவ்வளவு அழுக்கு என்று யாருக்கும் தெரியாது.

பதினாறு ஆண்டு கழித்து, 1947இன் இறுதியில், பெல் ஆய்வகத்தில் ஒரு ஜெர்மேனியத் துண்டின் மேல் முதல் டிரான்சிஸ்டர் வேலை செய்தது. இன்றைய சில்லுகள் எல்லாம் சிலிக்கானுக்குள் அளந்து போட்ட அழுக்கால்தான் இயங்குகின்றன. கோடி சிலிக்கான் அணுவுக்கு ஒரு பாஸ்பரஸ் அணு கலந்தாலே மின்தடை பல்லாயிரம் மடங்கு இறங்கிவிடும். பவுலி திட்டிய அதே அழுக்கு.

பல்கலைக்கழகங்களில் செறிபொருள் இயற்பியல் ஆய்வகம் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் நடப்பது பெரும்பாலும் இந்த வழக்குதான். எந்த அழுக்கை வெளியேற்றுவது, எதை விட்டுவைப்பது, எதைத் தெரிந்தே சேர்ப்பது? கண்டுபிடிப்புச் செய்திகளில் இந்தப் பகுதி அநேகமாக வராது. புதிய மீகடத்தி (மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்), புதிய குவாண்டம் நிலை என்று தலைப்பு வரும். அதற்குப் பின்னால் யாரோ ஒருவர் சுத்தமான படிகம் வளர்த்த கதை கட்டுரையின் நன்றியுரையில் ஒரு வரியாக நிற்கும்.

சரி, செறிபொருள் என்றால் எது? அணுக்கள் நெருங்கிச் சேர்ந்து ஒன்றையொன்று பாதிக்கும் எல்லாமே இதில் அடக்கம்: உலோகம், காந்தம், கண்ணாடி, திரவப் படிகம், திரவ ஹீலியம். முன்பு திடநிலை இயற்பியல் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1967இல் கேம்பிரிட்ஜில் பிலிப் ஆண்டர்சனும் வோல்கர் ஹைனும் தங்கள் குழுவின் பெயரில் இருந்த திடநிலையைச் செறிபொருள் என்று மாற்றினார்கள். திரவங்களை வாசலுக்கு வெளியே நிறுத்த வேண்டாம் என்பது காரணம்.

இந்தத் துறையில் சோதனைக்கூடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கும் ஆண்டர்சனிடம்தான் போக வேண்டும். சின்னஞ்சிறு துகள்களின் விதி தெரிந்துவிட்டால் அவை கோடிக்கணக்கில் சேரும்போது நடப்பதும் தெரிந்துவிடும் என்று நினைக்காதே, கூட்டம் பெருகும்போது புதுக் குணங்கள் பிறக்கின்றன என்று 1972இல் அவர் வாதிட்டார். வரலாறும் அவர் பக்கம்தான். குவாண்டம் இயக்கவியலின் அடிப்படைச் சமன்பாடு 1926இலேயே கைக்கு வந்துவிட்டது. மீகடத்தல் 1911இலேயே கண்ணில் பட்டுவிட்டது. இரண்டையும் இணைக்கும் விளக்கம் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரிடமிருந்து வர 1957 ஆயிற்று. விரல் நுனியளவு உலோகத்தில் 1-க்குப் பின்னால் 22, 23 பூஜ்யம் போடும் எண்ணிக்கையில் எலக்ட்ரான்கள் இருக்கின்றன. அத்தனைக்கும் சமன்பாட்டை அப்படியே தீர்க்க எந்தக் கணினியாலும் முடியாது. முதலில் பொருளைச் செய்து, குளிரவைத்து, அளந்து பார்க்க வேண்டும். கோட்பாடு பல சமயம் பின்னால்தான் ஓடி வருகிறது.

பொருளைச் செய்வதிலிருந்தே தொடங்குவோம். ஆய்வகத்தின் பளபளப்பான கருவிகளைத்தான் பார்வையாளர்களுக்குக் காட்டுவார்கள். கதை தொடங்குவது என்னவோ உலை அறையில். படிகம் வளர்க்கப் பல வழிகள் உண்டு. அதில் எளிமையான ஒன்று, தேவையான தனிமங்களை உருகிய வெள்ளீயம் போன்ற ஓர் உலோகத்தில் கரைத்து, மெல்லக் குளிரவிடுவது. தனிமங்களை மில்லிகிராம் கணக்கில் எடைபோட்டு அலுமினா மூசையில் (உருக்கும் கிண்ணத்தில்) இடுவார்கள். வாயில் குவார்ட்ஸ் பஞ்சு அடைப்பார்கள். மூசையைக் குவார்ட்ஸ் குழாய்க்குள் இறக்கி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, சுடரில் குழாயின் கழுத்தை உருக்கி மூடிவிடுவார்கள். அப்புறம் உலை. ஆயிரம் டிகிரிக்கு ஏற்றி, மணிக்கு 2 அல்லது 3 டிகிரி என்ற கணக்கில் இறக்கினால் ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகிவிடும்.

உண்மையான பரபரப்பு கடைசிச் சில நொடிகளில். வெள்ளீயம் இன்னும் திரவமாக இருக்கும்போதே குழாயை நீண்ட இடுக்கியால் வெளியே எடுத்து, தலைகீழாக மையவிலக்குச் சுழலியில் போட்டுச் சுற்ற வேண்டும். திரவம் பஞ்சின் வழியே ஓடிவிடும், படிகங்கள் பஞ்சில் தங்கும். கை தடுமாறினால் எல்லாம் ஒரே கட்டியாக உறைந்துவிடும், இரண்டு வார வேலை போனது. குழாயை உடைத்துக் கொட்டினால் சில மில்லிமீட்டர் அளவில், கண்ணாடி போன்ற முகங்களோடு படிகங்கள் கிடைக்கலாம். வெறும் கரித்தூளும் கிடைக்கலாம். எந்த வெப்பநிலையில் நிறுத்துவது, எவ்வளவு மெதுவாக இறக்குவது என்பதில் பாதி அறிவு குறிப்பேட்டில் இருக்கும், மீதி வளர்ப்பவரின் கையில் இருக்கும்.

கிடைத்த படிகம் சுத்தமா என்று பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. அறை வெப்பநிலையில் அதன் மின்தடையை, திரவ ஹீலியத்தின் வெப்பநிலையில் உள்ள மின்தடையால் வகுப்பார்கள். அறை வெப்பத்தில் அணுக்களின் அதிர்வு எலக்ட்ரான்களைத் தடுக்கிறது. குளிரில் அந்த அதிர்வு அடங்கிவிடும். மிச்சம் நிற்கும் தடைக்கு அந்நிய அணுக்களும் படிகக் குறைகளும்தான் பொறுப்பு. ஆக, வகுத்து வரும் எண் பெரிதாக இருந்தால் படிகம் சுத்தம். சாதாரணச் செம்புக் கம்பிக்கு அது 50, 100 என்று வரும். நன்கு தூய்மையாக்கிய செம்புக்கு ஆயிரத்தைத் தாண்டும். ஓர் ஆய்வகத்தின் தரத்தை எடைபோட அங்கே எத்தனை கருவி இருக்கிறது என்று கேட்பதைவிட இந்த எண்ணைக் கேட்பது மேல் என்பது என் கட்சி.

அடுத்தது கம்பி ஒட்டும் வேலை. நுண்நோக்கியின் கீழ், தலைமுடியைவிட மெல்லிய, 25 மைக்ரான் தங்கக் கம்பிகளை வெள்ளிப் பசையால் படிகத்தின் மேல் ஒட்ட வேண்டும். இரண்டு போதாது, நான்கு வேண்டும். வெளியே உள்ள இரண்டின் வழியே மின்னோட்டம் போகும், உள்ளே உள்ள இரண்டில் மின்னழுத்தத்தை அளப்பார்கள். இரண்டே கம்பியில் எல்லாவற்றையும் செய்தால், கம்பியின் தடையும் ஒட்டிய இடத்தின் தடையும் கணக்கில் சேர்ந்துவிடும். நல்ல உலோகப் படிகத்தில் இந்தச் சேர்மானம் உண்மையான விடையைவிட ஆயிரம் மடங்குகூட இருக்கலாம். ஆராய்ச்சிக்குப் புதிதாகச் சேருபவர் முதல் சில மாதங்களில் கற்றுக்கொள்வது குவாண்டம் கோட்பாட்டைவிட இந்தப் பசை வேலையைத்தான்.

அப்புறம் குளிர். இதற்கு முன்னோடி ஹாலந்தின் லைடன் பல்கலைக்கழகம். 1908 ஜூலை 10 அன்று ஹைக்கே காமர்லிங் ஓனஸ் அங்கே முதல்முறையாக ஹீலியத்தைத் திரவமாக்கினார். மோனசைட் மணலைச் சூடாக்கிச் சேகரித்த வாயுவிலிருந்து கிடைத்தது ஒரு சிறு கோப்பையளவுத் திரவம், வெப்பநிலை சுமார் 4 கெல்வின், அதாவது பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி செல்சியஸ். 1923இல் டொரான்டோவில் செய்து காட்டும் வரை உலகில் வேறு யாராலும் இதைச் செய்ய முடியவில்லை. ஓனஸின் புத்திசாலித்தனம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆய்வகத்தோடு சேர்ந்து கருவி செய்பவர்களுக்கும் கண்ணாடி ஊதுபவர்களுக்கும் அவர் ஒரு பயிற்சிப் பள்ளியே நடத்தினார். லைடன் ஜெயித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

குளிர் கையில் வந்ததும் அவர் கேட்டது அழுக்கு பற்றிய கேள்வியைத்தான். சுத்தமான உலோகத்தின் மின்தடை குளிரில் என்ன ஆகும்? தங்கத்தையும் பிளாட்டினத்தையும் பார்த்தார்கள். எஞ்சியிருந்த தடை மாதிரியில் உள்ள கலப்பைப் பொறுத்து மாறியது. அதனால் பாதரசத்துக்குப் போனார்கள். அறை வெப்பநிலையிலேயே திரவமாக இருப்பதால் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்து வெகுவாகத் தூய்மையாக்கலாம். 1911 ஏப்ரல் 8 அன்று பாதரசத்தின் தடை கிட்டத்தட்ட பூஜ்யம் என்று குறிப்பேட்டில் ஏறியது. 4.2 கெல்வின் அருகே தடை மெல்லக் குறையவில்லை, சட்டென்று காணாமல் போனது. மீகடத்தல் என்ற நிகழ்வு இப்படித்தான் கிடைத்தது. இதில் ஒரு சுவையான திருப்பம் உண்டு. பிறகு தங்கம் கலந்த பாதரசத்தையும் சோதித்துப் பார்த்தார்கள். அதுவும் மீகடத்தியாக மாறியது! அவ்வளவு சுத்தம் தேவையே இருக்கவில்லை. ஆனால் சுத்தத்தைத் தேடிப் போயிருக்காவிட்டால் பாதரசத்தைத் தொட்டிருக்கவும் மாட்டார்கள்.

இன்றைய ஆய்வகங்களில் 4 கெல்வின் என்பது தொடக்கம் மட்டுமே. அதற்குக் கீழே மில்லிகெல்வினுக்கு இறங்கக் கலவைக் குளிர்விப்பான் தேவை. ஹீலியத்தின் இரண்டு வகைகளான ஹீலியம்-3, ஹீலியம்-4 ஆகியவற்றின் கலவை 0.87 கெல்வினுக்குக் கீழே இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். மேலடுக்கில் உள்ள ஹீலியம்-3 கீழடுக்குக்குள் கரையும்போது, வியர்வை ஆவியாகையில் உடம்பு குளிர்வது போல, சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். வாயுவை வெளியே இழுத்து மறுபடி உள்ளே விட்டுக்கொண்டே இருந்தால் மாதக்கணக்கில் 10 மில்லிகெல்வினில் நிற்கலாம். ஹைன்ஸ் லண்டன் 1950களில் சொன்ன யோசனை இது. முதலில் செய்து காட்டியது, 1960களில், மறுபடியும் லைடன்தான். ஹீலியம்-3 இயற்கையில் மிக அரிது. அணு ஆயுதங்களுக்காகச் செய்து வைத்த டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) சிதைந்து உண்டாகும் வாயுதான் பெரும்பாலும் ஆய்வகங்களுக்கு வருகிறது. அமைதியான அறையில் ஓடும் குளிர்விப்பானுக்குள் ஆயுதக் கிடங்கின் மிச்சம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சாதாரண ஹீலியமும் மலிவல்ல. அதன் ஆவியாதல் வெப்பம் மிகக் குறைவு. ஒரே ஒரு வாட் வெப்பம் உள்ளே கசிந்தாலும் மணிக்குச் சுமார் 1.4 லிட்டர் கொதித்துப் போகும். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 750 லிட்டர் வாயுவாக விரியும். வளிமண்டலத்துக்குள் விட்டுவிட்டால் திரும்ப வராது. அதனால் வசதியுள்ள ஆய்வகங்களில் ஒவ்வொரு கருவியிலிருந்தும் ஒரு குழாய் புறப்பட்டு ஒரு பெரிய சேகரிப்புப் பைக்குப் போகும். அங்கிருந்து கம்ப்ரசர், சிலிண்டர், பிறகு திரவமாக்கி என்று ஹீலியம் வட்டமடிக்கும். அறைச் சுவரில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் எச்சரிக்கைக் கருவியும் இருக்கும். கருவியில் உள்ள மீகடத்திக் காந்தச் சுருள் திடீரென்று மீகடத்தும் நிலையை இழந்தால் அதில் தேங்கியிருந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாகி, ஹீலியத்தை நிமிடங்களில் கொதிக்கவைத்து, அறையிலுள்ள காற்றை வெளியே தள்ளிவிடும். அப்போது கருவியைப் பற்றி யோசிக்கக் கூடாது, வெளியே ஓட வேண்டும்.

அளவீட்டிலும் எதிரி அழுக்குதான், இங்கே அதன் பெயர் இரைச்சல். நானோவோல்ட் அளவிலான சைகையைத் தேடும்போது கட்டடத்தின் மின்கம்பி, லிஃப்ட், பக்கத்து அறை பம்பு எல்லாமே குறுக்கே பேசும். இதற்கு லாக்-இன் ஆம்ப்ளிஃபயர் என்ற கருவி உண்டு. மாதிரிக்குள் 13 அல்லது 17 ஹெர்ட்ஸ் போன்ற ஒரு வினோதமான அதிர்வெண்ணில் மின்னோட்டத்தை விட்டு, அதே அதிர்வெண்ணில் திரும்பி வருவதை மட்டும் பிரித்தெடுக்கும். மின்விநியோகத்தின் 50, 60 ஹெர்ட்ஸோடும் அவற்றின் மடங்குகளோடும் மோதாத எண்ணாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள்.

அழுக்கு எப்போதும் வில்லன் என்று இதுவரை படித்தவர்களுக்குத் தோன்றலாம். 1930களில் லைடனில் தங்கத்தை அளந்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. குளிரக் குளிரத் தடை குறைந்தது, ஒரு கட்டத்துக்குப் பிறகு மறுபடி ஏறியது. முப்பது ஆண்டுகள் புரியாமல் கிடந்த இந்தப் புதிரை 1964இல் ஜுன் கோண்டோ அவிழ்த்தார். காரணம், இரும்பு போன்ற காந்த அணுக்களின் மிகச் சிறு கலப்பு. ஒவ்வொரு காந்த அணுவைச் சுற்றியும் எலக்ட்ரான் கூட்டம் பின்னிக்கொள்கிறது. அந்தப் பின்னலை முழுதாகக் கணக்கிடும் முயற்சியில் கென்னத் வில்சன் கையாண்ட, கணக்கை அளவு அளவாகப் படிப்படியாகச் சுருக்கும் மறுசீராக்க முறை இன்றும் பாடம். தங்கத்தில் ஒட்டியிருந்த துளி இரும்பிலிருந்து ஒரு தனித்துறையே முளைத்தது.

1980 பிப்ரவரி 5 அதிகாலையில் கிரெனோபிள் காந்த ஆய்வகத்தில் கிளாஸ் ஃபொன் கிளிட்சிங் கண்டது இன்னும் விநோதம். சாதாரண சிலிக்கான் டிரான்சிஸ்டரைக் குளிரவைத்து வலுவான காந்தப்புலத்தில் வைத்தபோது ஹால் மின்தடை (மின்னோட்டத்துக்குக் குறுக்கே எழும் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்த எண்) படிக்கட்டாக ஏறியது. ஒவ்வொரு படியும் 25,812.807 ஓமை ஒரு முழு எண்ணால் வகுத்த மதிப்பு. மாதிரியின் வடிவமோ சுத்தமோ அந்த மதிப்பை மாற்றவில்லை. இயற்கையின் இரண்டு மாறிலிகள், பிளாங்க் மாறிலியும் எலக்ட்ரான் மின்னூட்டமும் மட்டுமே அதைத் தீர்மானிக்கின்றன. அந்தப் படிகள் அகலமாகத் தெரிவதற்கு மாதிரிக்குள் கொஞ்சம் ஒழுங்கின்மை இருந்தே ஆக வேண்டும். அழுக்கு சில எலக்ட்ரான்களைப் பிடித்துக் கட்டிப்போடுவதால்தான் படி தட்டையாக நிற்கிறது. முற்றிலும் சுத்தமான மாதிரியில் படிக்கட்டு மறைந்து நேர்கோடாகிவிடும். உலகின் மின்தடைத் தரஅளவு இன்று இந்த விளைவின் மேல்தான் நிற்கிறது.

ஆனால் அதற்கு இரண்டே ஆண்டில் வந்த அடுத்த அதிர்ச்சிக்குச் சுத்தம்தான் தேவைப்பட்டது. கேலியம் ஆர்செனைடில் எலக்ட்ரான் தரும் அந்நிய அணுக்களைப் பக்கத்து அடுக்கில் தள்ளி வைத்துவிட்டு, எலக்ட்ரான்களை மட்டும் சுத்தமான அடுக்கில் ஓடவிடும் உத்தியை ஹோர்ஸ்ட் ஷ்டோர்மரும் சகாக்களும் கண்டுபிடித்திருந்தார்கள். ஆர்தர் கோஸார்ட் அப்படி வளர்த்த மாதிரியில், 1982இல், ஷ்டோர்மரும் டேனியல் சூயியும் முழு எண்ணுக்குப் பதிலாக மூன்றில் ஒரு பங்கு என்ற பின்னப் படியை அறிவித்தார்கள். எலக்ட்ரானின் மூன்றில் ஒரு பங்கு மின்னூட்டம் கொண்ட துகள்கள் போல அந்தக் கூட்டம் நடந்துகொள்கிறது என்று ராபர்ட் லாஃப்லின் விளக்கினார். 1998இன் நோபல் பரிசு சூயி, ஷ்டோர்மர், லாஃப்லின் மூவருக்கும் போனது. மாதிரி வளர்த்த கோஸார்டுக்கு இல்லை. மூவருக்கு மேல் தருவதில்லை என்பது விதி என்றாலும், இந்தத் துறையில் யார் பெயர் மேலே போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

கிராஃபீனிலும் இதே கதை. 2004இல் மான்செஸ்டரில் ஒட்டும் நாடாவால் உரித்தெடுத்த இந்த ஒற்றைக் கார்பன் அணுப்படலம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அதைச் சிலிக்கான் ஆக்சைடு மேல் வைத்தால் அந்தப் பரப்பின் மேடுபள்ளமும் மின்னூட்டங்களும் எலக்ட்ரான்களைக் குழப்பின. போரான் நைட்ரைடு படலத்தின் மேல் வைக்கலாம் என்று 2010இல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு காட்டியது. கிராஃபீனின் தரம் ஒரே பாய்ச்சலில் உயர்ந்தது. அந்தப் படிகத்தை மிகச் சுத்தமாக வளர்க்கத் தெரிந்தவர்கள் ஜப்பானின் சுகுபா நகரில் இருவர், தகாஷி தனிகுச்சியும் கெஞ்சி வதனபேயும். பிரம்மாண்டமான அழுத்த இயந்திரத்தில், பல்லாயிரம் வளிமண்டல அழுத்தத்தில் வளர்த்து, கேட்ட ஆய்வகங்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். 2018இல் எம்.ஐ.டி. குழு இரண்டு கிராஃபீன் படலங்களை 1.1 டிகிரி திருப்பி வைத்து மீகடத்தலைக் கண்டபோதும், அதைச் சுற்றிப் போர்த்தியிருந்தது அவர்கள் வளர்த்த போரான் நைட்ரைடுதான்.

சுத்தம் தவறினால் என்ன ஆகும் என்பதை 2023 ஜூலையில் உலகமே நேரலையாகப் பார்த்தது. எல்.கே-99 என்ற பொருள் அறை வெப்பநிலையிலேயே மீகடத்தி என்று தென்கொரியக் குழு ஒன்று அறிவித்தது. மின்தடை 104 டிகிரி செல்சியஸ் அருகே சட்டென்று விழுவதைக் காட்டினார்கள். ஓனஸின் வரைபடம் போலவே இருந்தது. சில வாரங்களில் பல ஆய்வகங்கள் சேர்ந்து முடிச்சை அவிழ்த்தன. மாதிரியில் கலந்திருந்த செம்பு சல்ஃபைடு சரியாக அந்த வெப்பநிலையில்தான் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்கிறது, தடை விழுவது அதனால். ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட்டில் உள்ள மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் அதே பொருளைச் சல்ஃபைடு கலக்காமல் ஒற்றைப் படிகமாக வளர்த்தார்கள். ஊதா நிறத்தில், ஒளி ஊடுருவும் படிகம். மின்சாரம் கடத்தவே இல்லை.

இரைச்சல் உண்மையைக் காப்பாற்றிய கதையும் உண்டு. 2002இல் பெல் ஆய்வகத்தின் ஓர் இளம் நட்சத்திரம் வெளியிட்ட கட்டுரைகளில், வெவ்வேறு சோதனைகளின் வரைபடங்களில் ஒரே இரைச்சல் அச்சுப் பிசகாமல் திரும்ப வருவதை வெளியாட்கள் கவனித்தார்கள். இரைச்சல் இரண்டு முறை ஒரே மாதிரி வராது. விசாரணைக் குழு 24 குற்றச்சாட்டுகளை ஆராய்ந்து 16இல் முறைகேடு நிரூபணமானதாகச் சொன்னது. அளவீட்டுக் குறிப்பேடுகள் வைக்கப்படவில்லை என்பதும் அப்போது வெளியே வந்தது.

இப்போது பல செறிபொருள் ஆய்வகங்களின் கலவைக் குளிர்விப்பான்களில் தொங்குவது மீகடத்தும் குவாண்டம் பிட்டுகள், அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகள். அவை தங்கள் குவாண்டம் நிலையைத் தக்கவைக்கும் நேரத்தை, அதாவது ஆயுளைக் குறைப்பதில் பெரும்பங்கு உலோகப் பரப்பின் மேல் படியும் சில நானோமீட்டர் ஆக்சைடு படலத்துக்கும், பரப்புகள் சந்திக்கும் இடத்துக் குறைகளுக்கும் உண்டு. நியோபியத்துக்குப் பதிலாக டான்டலம் பயன்படுத்தி பிரின்ஸ்டன் குழு 2021இல் அந்த ஆயுளை 0.3 மில்லிநொடிக்கு மேல் கொண்டு போனது. காரணம் டான்டலத்தின் ஆக்சைடு ஒழுங்காகவும் வேதியியல் ரீதியாக உறுதியாகவும் இருப்பது. கடுமையான அமிலங்களில் முக்கிக் கழுவினாலும் தாங்குகிறது. இந்த வேலைக்கு மறுபடி தேவைப்படுபவர்கள் பரப்பு வேதியியல் தெரிந்தவர்களும் படலம் வளர்ப்பவர்களும்தான். அறிவிப்புகளில் பிட்டுகளின் எண்ணிக்கை வருகிறது, கழுவும் முறை துணைக் குறிப்புகளில் கிடக்கிறது.